பன்னிரண்டு பேருக்கு மட்டும்

லைசென் என்கிற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. மோட்டார் லைசென், நாய் லைசென், கடை லைசென், எதுவாக இருந்தாலும் சரி. என் பிள்ளைகள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஒரு படகு லைசெனுக்காக எட்டு மாதம் நாயாய் அலைந்தது நான்தானே, அவர்களா அலைந்தார்கள்?

எண்பதுகளின் நடுவில் நடந்த கதை இது. எனக்கு அப்போது இருபது வயது. ரவாங்கில் ஒரு எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். சேர்ந்தேன் என்றால் நிரந்தரமாக இல்லை. ஒரு வருடம் பார்ப்பார்கள், பிடித்திருந்தால் நிரந்தரம். அந்த ஒரு வருடத்துக்குள் மூன்று முறை தாமதமாகப் போனால் பெயரை வெட்டிவிடுவார்கள். எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து நாலு பெண்கள் அப்படிப் போய்க்கொண்டிருந்தோம். எங்கள் குடும்பத்தில் பால் வெட்டாமல், புல் பிடுங்காமல், மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்கப் போன முதல் ஆள் நான். அந்த நாற்காலியை விடக்கூடாது என்பதுதான் அந்த வருடம் முழுக்க என் மனதில் இருந்த ஒரே எண்ணம்.

தொழிற்சாலை பஸ் காலை ஆறு மணிக்கு முச்சந்தியில் வந்து நிற்கும். ஈஜோக் பக்கமாகப் போகிற பெரிய ரோடு அது. எங்கள் தோட்டமோ ஆற்றுக்கு இந்தக் கரையில். பஸ் அந்தக் கரையில். நடுவில் சிலாங்கூர் ஆறு, பழுப்பு நிறத்தில், கடல் ஏறினால் மேலே போகும், கடல் இறங்கினால் கீழே போகும். எங்கள் துறையில் நின்றால் எதிர்க்கரையில் பஸ் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும்.

முன்னே கோலசிலாங்கூர் பக்கம் பெரிய ஃபெரி ஓடியது. லோரி, கார், பஸ் எல்லாம் ஏறும். பாலம் வந்ததும் அதை நிறுத்திவிட்டார்கள். பாலம் வந்ததற்கு எங்கள் ஆட்களும் கைதட்டினார்கள். கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தார்கள், பாலம் எங்கே, நாம் எங்கே என்று. செம்மண் ரோட்டில் பாசிர் பெனம்பாங் வரைக்கும் போய், பாலம் ஏறி, மறுபடி அந்தக் கரையோரமாகத் திரும்பி வரவேண்டும். மோட்டார் சைக்கிளில் போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல். மழை பெய்தால் அதுவும் நிச்சயமில்லை.

ஒரு தேர்தல் சமயத்தில் ஒரு பெரிய மனுஷர் வந்து, உங்கள் துறைக்கே ஒரு சின்ன ஃபெரி விடுவோம், மோட்டார், வேன் எல்லாம் ஏறலாம் என்று பேசிவிட்டுப் போனார். பேச்சோடு விட்டாரா என்றால் இல்லை. ஆட்கள் வந்து கரையில் சிமெண்டில் ஒரு சரிவு போட்டார்கள். வண்டி இறங்கி ஃபெரியில் ஏறுவதற்கு. சரிவு வந்தது, ஃபெரி வரவில்லை. எங்கள் பெண்கள் அதில் துணி துவைத்தார்கள், மிளகாய் காயப்போட்டார்கள். இவ்வளவு நல்ல துவைக்கிற கல் வேறு எந்தத் தோட்டத்துக்கும் கிடைத்திருக்காது.

எங்களை உண்மையில் அக்கரை சேர்த்தது தவுக்கேயின் படகுதான். தவுக்கே என்றால் முதலாளி. அவரிடம் இருந்தது ஒரே ஒரு மரப்படகு, அதில் ஓர் இரைச்சல் மோட்டார். பாசிர் பெனம்பாங்கில் மீன் பிடித்துக்கொண்டிருந்த சீனர், வயதான பிறகு கடலுக்குப் போக முடியாமல் எங்கள் துறைக்கு வந்துவிட்டார். தமிழும் மலாயும் கலந்து பேசுவார். படகில் எத்தனை பேர் என்று அவரும் கேட்டதில்லை, நாங்களும் எண்ணியதில்லை. இருபது பேர் ஏறுவோம். கூடவே இரண்டு சைக்கிள், ஒரு மோட்டார், சந்தைக்குப் போகிற கோழி. யாராவது எண்ணினாலும் மடியில் இருக்கிற பிள்ளையை எண்ணமாட்டார்கள். தோட்ட லோரியிலும் அப்படித்தான், பஸ்ஸிலும் அப்படித்தான், கோயில் பந்தியிலும் அப்படித்தான். தனியாக இலை போட்டால்தான் ஆள், மடியில் உட்கார்ந்தால் அம்மாவோடு சேர்த்தி. இது எங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, மூச்சு விடுகிற மாதிரி வந்தது.

நான் வேலையில் சேர்ந்து இரண்டு மாதம் இருக்கும். வேறு எங்கோ ஒரு படகு கவிழ்ந்துவிட்டது, ஆட்கள் போய்விட்டார்கள் என்று வானொலியில் சொன்னார்கள். அடுத்த வாரமே எங்கள் துறைக்கு யூனிஃபார்ம் போட்டவர்கள் வந்தார்கள். மரத்தில் ஒரு காகிதத்தை ஒட்டினார்கள். காசு வாங்கி ஆள் ஏற்றுகிற படகுக்கு லைசென் வேண்டும், இல்லாவிட்டால் படகைப் பறிமுதல் செய்வோம் என்று எழுதியிருந்தது. தவுக்கே அந்தக் காகிதத்தைப் பார்த்தார், படகைக் கட்டினார், போய் உட்கார்ந்துவிட்டார்.

"தவுக்கே, நாளைக்கு எனக்கு வேலை இருக்கு லா," என்றேன்.

"லைசென் இல்லா, போட் இல்லா," என்றார். "போட் புடிச்சா, நான் என்னா சாப்புட?"

அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை.

கூடப் போய்க்கொண்டிருந்த மூன்று பெண்களில் ஒருத்தியை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். மற்ற இரண்டு பேரும் ஈஜோக்கில் சொந்தக்காரர் வீட்டில் போய்த் தங்கிவிட்டார்கள். எனக்கு அந்தப் பக்கம் ஒரு நாய்கூடச் சொந்தமில்லை. அப்பா தன் பழைய ஹோண்டாவை எடுத்தார். "ஏறு, நான் கொண்டு போய் வுடுறேன்," என்றார்.

அப்பா பால் வெட்டுகிறவர். விடியும் முன்னே பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்தால்தான் அன்றைக்கு வேலை. என்னை ஒரு மணி நேரம் சுற்றிக் கொண்டுபோய் முச்சந்தியில் இறக்கிவிட்டு அவர் திரும்பி வருவதற்குள் பெரட்டு முடிந்திருக்கும். வேலை பிரித்துக் கொடுக்கிற மண்டோரிடம் கெஞ்சிக் கேட்டார். மண்டோர் ரொம்ப நல்லவர் மாதிரித் தலையை ஆட்டிவிட்டு, தோட்டத்திலேயே மோசமான மர நிரையை அப்பாவுக்குக் கொடுத்தார். கடைசி எல்லையில், மேட்டில், கிழட்டு மரங்கள். லேட்டாக வருகிறவனுக்கு அதுதான் என்றார். அப்பா என்னிடம் இதைச் சொல்லவே இல்லை. அம்மா சொல்லித்தான் தெரியும்.

அந்த ரோட்டில் இரண்டு முறை டயர் பஞ்சர் ஆனது. இரண்டு முறையும் பஸ் போய்விட்டது. இரண்டு முறையும் வேறு பஸ் பிடித்து, மாறி, ரவாங் போய்ச் சேர எட்டரை ஆகிவிட்டது. இரண்டாவது முறை சூப்பர்வைசர் என் அட்டையில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டுவிட்டு, "இன்னும் ஒண்ணுதான் பாக்கி, ஞாபகம் இருக்கட்டும்," என்றாள். அவளும் தமிழச்சிதான். ஆற்றைப் பற்றிச் சொன்னேன். "எல்லாருக்கும் ஒரு ஆறு இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அப்போது முடிவு பண்ணினேன். படகுக்கு லைசென் எடுத்தே தீருவது. தவுக்கேவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, தோட்டத்தில் மற்றவர்களுக்கு நேரமில்லை. எனக்கு மலாய் எழுத வரும், வாரத்தில் ஒரு நாள் லீவு உண்டு. அந்த லீவு நாள் ஒவ்வொன்றும் ஏதாவது ஓர் ஆபீஸ் பெஞ்சியில்தான் கழிந்தது.

அந்த ஆபீஸ்களின் நிஜப் பெயரெல்லாம் எதற்கு? நாங்கள் வைத்த பெயரே போதும். முதலில் படகு ஆபீஸ். அங்கே இருந்தவர் என் மனுவைப் படித்துவிட்டு, எங்களுக்குக் கடல்தான், ஆறு எங்களுடையது அல்ல என்றார். ஆற்றில் உப்புத் தண்ணீர் ஏறுமா என்று கேட்டார். கடல் ஏறும்போது உப்பாக இருக்கும், இறங்கும்போது நல்ல தண்ணீர் என்றேன். பக்கத்து மேசைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். அப்படியென்றால் பாதி நாள் எங்களுடையது, பாதி நாள் வேறு ஆளுடையது என்றார். அவருக்கு அது நகைச்சுவை. எனக்கு ஒரு லீவு நாள் போச்சு.

அவர் அனுப்பியது நில ஆபீசுக்கு. அங்கே, படகு கட்டுகிற துறை தோட்டத்து நிலத்தில் இருக்கிறது, அதனால் தோட்ட மேனேஜர் சம்மதக் கடிதம் தரவேண்டும் என்றார்கள். மேனேஜர் தருவாரா? படகு ஓடினால் தோட்டத்துப் பெண்கள் எல்லாம் ஃபாக்டரிக்குப் போய்விடுவார்கள், பிறகு புல் யார் பிடுங்குவது என்று கிராணியிடமே சொல்லியிருக்கிறார். கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் கணக்கர். எங்கள் கிராணி கொஞ்சம் பயந்த சுபாவம், ஆனால் அவருக்கும் ஒரு மகள் இருந்தாள். மூன்று மாதம் நான் அவர் பின்னாலேயே அலைந்தேன். கடைசியில் ஒரு நாள், உர மூட்டை வந்த கணக்குத் தாள்களுக்கு நடுவில் எங்கள் கடிதத்தையும் செருகி, மேனேஜர் படிக்காமல் கையெழுத்துப் போடவைத்துவிட்டார். என்னிடம் கடிதத்தைக் கொடுக்கும்போது, "யார்கிட்டயும் சொல்லிடாதே தாயே," என்றார். அவர் காலில் விழலாம் போலிருந்தது எனக்கு.

அதோடு முடிந்ததா? மனுவில் நான் ஒரு முட்டாள்தனம் பண்ணியிருந்தேன். ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றுவோம் என்று உண்மையை எழுதித் தொலைத்துவிட்டேன். மோட்டார் சைக்கிள் வாகனம் ஆயிற்றே, வாகனம் ஏறினால் அது வாகன ஃபெரி, ரோட்டு ஆபீசைப் பாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். ரோட்டு ஆபீசில் இருந்த அம்மாள் சட்டப் புத்தகத்தைப் புரட்டி, வாகன ஃபெரி என்றால் கரையில் சரிவு இருக்கவேண்டும் என்றாள்.

"இருக்கிறதே! சிமெண்டில் போட்டிருக்கிறார்களே!" என்று நான் துள்ளினேன்.

அந்தச் சரிவு பெரிய ஃபெரிக்காகப் போட்டது, இந்தப் படகுக்கு அது கணக்கில் சேராது என்றாள். அப்படியென்றால் பெரிய ஃபெரி எப்போது வரும் என்று கேட்டேன். அது திட்டத்தில் இருக்கிறது என்றாள். அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதிருப்பேன், பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். மோட்டார் சைக்கிள் என்பதை அடித்துவிட்டு, ஆட்கள் மட்டும் என்று புதிதாக எழுதிக்கொண்டு மறுபடி முதல் ஆபீசுக்கே போனேன். அதே சிரிப்புக்காரர்தான் இருந்தார். இப்போது மேலிடத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டதாம், ஆறும் அவர்களுடையதுதானாம். இதை எட்டு மாதத்துக்கு முன்னே சொல்லித் தொலைத்திருக்கக்கூடாதா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதனைக்கு அதிகாரி வருவார் என்று கடிதம் வந்தது. படகுக்குப் பெயிண்ட் அடிக்கவேண்டும், எண் எழுதவேண்டும், விளக்கும் ஊதலும் வேண்டும், ஆளுக்கு ஒரு மிதவைச் சட்டை வேண்டும். ஓட்டுகிறவரையும் சேர்த்துப் பன்னிரண்டு பேருக்கு மட்டும் அனுமதி. எல்லாம் செய்தோம். கோயில் கமிட்டி பன்னிரண்டு மிதவைச் சட்டை வாங்கிக் கொடுத்தது. ஆரஞ்சு நிறம், பிளாஸ்டிக் உறை போட்டு வந்தது. கோயில் தலைவர் உறையைக் கிழிக்க விடவில்லை. "புதுசு லா, அழுக்காயிடும்," என்று சாமி நகை இருக்கிற பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். படகின் பக்கத்தில் 'பன்னிரண்டு பேருக்கு மட்டும்' என்று மலாயிலும் தமிழிலும் நான்தான் என் கையால் எழுதினேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்தார். மலாய்க்காரர், நடுத்தர வயது, அமைதியான ஆள். காரை அக்கரையில் நிறுத்திவிட்டு, தவுக்கே போய் அழைக்க, படகில் இந்தக் கரைக்கு வந்தார். வந்தவர் அசந்துபோனார். எங்கள் ஆட்கள் துறையில் தோரணம் கட்டி, உறுமி மேளத்தோடு நின்றார்கள். படகின் மூக்கில் சந்தனம், குங்குமம், மல்லிகை மாலை. அவருக்கும் ஒரு மாலை. பூசாரி கற்பூரம் காட்டித் தேங்காய் உடைத்தார். அதிகாரி பொறுமையாக நின்றார். பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தார். விளக்கு சரி. ஊதல் சரி. மிதவைச் சட்டையை உறையோடு பார்த்துவிட்டு, இது படகில் இருக்கவேண்டும், கோயிலில் அல்ல என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். காகிதத்தில் ஒவ்வொரு வரியாகக் குறி போட்டுக்கொண்டே வந்தார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு குறியையும் எண்ணினேன். எல்லாம் சரி என்றார். முத்திரை காரில் இருக்கிறது, அக்கரைக்குப் போனதும் குத்திக் கொடுத்துவிடுகிறேன் என்றார்.

அந்த ஒரு வாக்கியம்தான் எமன்.

எங்களில் புது வண்டி வாங்கினால் பூசை போட்ட பிறகு வெள்ளோட்டம் விடுவார்கள். வெள்ளோட்டத்தில் ஏறுகிறவனை இறங்கச் சொல்லக்கூடாது, அது வண்டிக்கு ஆகாது, ஏறியவனுக்கும் அவமானம். படகு அக்கரைக்குப் போகிறது என்றதும் தோட்டமே பாய்ந்து ஏறியது. தலைவர், பூசாரி, உறுமிக்காரர்கள், அம்மா, அப்பா, அக்கா, அக்கா கைக்குழந்தை, கிராணி, அவர் பெண்சாதி, கிழவர்கள், வாண்டுகள். முப்பது பேருக்குக் குறையாது. படகு விளிம்பு தண்ணீருக்கு அருகே வந்துவிட்டது. அதிகாரியின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"எறங்குங்க! பன்னெண்டு பேர்தான்! எழுதியிருக்கேன்ல!" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

"ஒரு நாளைக்குத்தானே லா," என்றார் தலைவர்.

"ஒரு நாளும் இல்லே! எறங்குங்க!"

அத்தனை பெரியவர்களை இருபது வயதுப் பெண் நான் கையைப் பிடித்து இழுத்து இறக்கினேன். உறுமிக்காரர் முறைத்தார். கிராணி பெண்சாதி என்னைப் பார்த்து "திமிரு" என்றாள். எனக்கு எதுவும் உறைக்கவில்லை. என் நாற்காலி அந்தக் காகிதத்தில் இருந்தது. அப்பாவை மட்டும் இறக்கவில்லை. அவர் முன்பலகையில் மிதவைச் சட்டையை வேட்டிக்கு மேலே மாட்டிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எட்டு மாதம் கிழட்டு மரத்தை வெட்டியவருக்கு அந்த ஓர் இடம்கூடக் கிடையாதா? அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடைசியில் எண்ணினேன். அதிகாரி, தவுக்கே, தலைவர், பூசாரி, கிராணி, அம்மா, அப்பா, இன்னும் நாலு பேர். பதினொன்று. என்னோடு பன்னிரண்டு. கரையில் நின்ற அக்கா ஓடிவந்து, "நான்தான் எறங்கிட்டேன், பிள்ளையாவது போவட்டும்டி. சாமி கும்புட்ட வெள்ளோட்டத்துல போனா நல்லது," என்று ஆறு மாதக் குழந்தையை என் கையில் திணித்தாள். நான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். பன்னிரண்டு பேரும் சட்டை போட்டிருந்தோம். எல்லாம் சரி. தவுக்கே மோட்டாரைக் கிளப்பினார். கரையில் உறுமி அடித்தது. அந்த எட்டு மாதத்தில் முதல் தடவையாக எனக்குச் சிரிப்பு வந்தது. பாதி ஆற்றில் குழந்தையைத் தூக்கி எதிர்க்கரையைக் காட்டினேன்.

அப்போதுதான் அதிகாரி என்னைப் பார்த்தார். விரலால் ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டு வந்து என் மடியில் நிறுத்தினார்.

"பதின்மூன்று," என்றார் மலாயில்.

எனக்குப் புரியவில்லை. சத்தியமாகப் புரியவில்லை. பன்னிரண்டு என்று சொன்னேன். அவர் குழந்தையைக் காட்டினார். "இவர் யார்? இவருக்குச் சட்டை எங்கே?"

மடியில் இருக்கிறதுதானே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லும்போதே எனக்குக் கேட்டுவிட்டது, அது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று. தண்ணீருக்குத் தெரியுமா மடி? பன்னிரண்டு பேரும் மிதப்போம், இந்தப் பிள்ளை ஒன்றுதான் முழுகும். குழந்தை அவருடைய மாலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

அக்கரையில் அவர் காரைத் திறந்தார். முத்திரைப் பெட்டியை நான் பார்த்தேன், பின்சீட்டில் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. தலைவர் கையெடுத்துக் கும்பிட்டார். கிராணி ஏதேதோ சொன்னார். நான், குழந்தையை இறக்கிவிடுகிறோம் ஐயா, இனிமேல் ஏற்றமாட்டோம் என்று கெஞ்சினேன். அவர் கோபப்படவில்லை. தான் படகில் இருக்கும்போதே இப்படி என்றால், தான் இல்லாதபோது என்ன நடக்கும் என்று கேட்டார். அடுத்த சோதனை ஆறு மாதம் கழித்து என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மாலையைக் கழற்றி மரியாதையாகப் படகு மூக்கில் போட்டுவிட்டுப் போனார்.

அவர் ஒரு கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதி. இத்தனை வருடமாக அவரைத் திட்ட ஒரு காரணம் தேடுகிறேன், கிடைக்கவில்லை. அந்த எண்ணை எழுதியது என் கை. அந்தக் குழந்தை இருந்தது என் மடியில்.

மறுவாரம் மழை. செம்மண் ரோட்டில் ஹோண்டா வழுக்கி, அப்பாவும் நானும் பள்ளத்தில் கிடந்தோம். எழுந்து, சேற்றைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் ஆறரை. தொழிற்சாலைக்குப் போனேன். சூப்பர்வைசர் சிவப்புப் பேனாவை எடுத்தாள். அட்டையை என்னிடமே கொடுத்துவிட்டாள். சேற்றுச் சப்பாத்தோடு வெளியே வந்துவிட்டேன். நிரந்தரமாவதற்கு இரண்டு மாதம்தான் இருந்தது.

மண்டோர் எனக்கு அப்பாவின் நிரைக்குப் பக்கத்து நிரையைக் கொடுத்தார். மேட்டில், அதே கிழட்டு மரங்கள். ஆறு மாதம் வெட்டினேன். யாரிடமும் பேசவில்லை. அக்காவிடம் மட்டும் சண்டை போட்டேன். அவள் பிள்ளையைத் தூக்கவே மாட்டேன் என்று இருந்தேன். அது என்ன பண்ணும், பாவம்.

ஆறு மாதம் கழித்து லைசென் வந்தது. அதே அதிகாரிதான் வந்தார். பூசை இல்லை, மேளம் இல்லை. இந்த முறை ஒரு நிபந்தனை சேர்த்தார். துறையில் ஒரு ஆள் நின்று ஒவ்வொரு பயணத்துக்கும் தலை எண்ணவேண்டும், தவுக்கே அல்ல, வேறு ஆள். யாரைப் போடுவது என்று கமிட்டி யோசித்தது. தலைவர் என் பெயரைச் சொன்னார். "அவதான் சரி. மாமன் மச்சான் பாக்கமாட்டா," என்றார். அது பாராட்டா, குத்தலா என்று எனக்குத் தெரியவில்லை. காலையில் பெரட்டுக்கு முன்னே நின்று எண்ணிவிட்டுப் பால் வெட்டப் போவேன். எனக்குப் பின்னால் தொழிற்சாலையில் சேர்ந்த பெண்கள் என்னைத் தாண்டித்தான் படகில் ஏறுவார்கள், பவுடர் வாசனையோடு. நான் விரலை நீட்டி எண்ணுவேன். பிள்ளை எங்கே இருந்தாலும் ஒரு தலை. எத்தனை அம்மாக்கள் என்னைச் சபித்திருப்பார்கள்.

ஒரு நாள் காலை. ஆறு மணிக்கு ஐந்து நிமிடம். படகில் பன்னிரண்டு பேர் ஆகிவிட்டது. அன்றைக்கு அப்பா லீவு எடுத்துக்கொண்டு கோலசிலாங்கூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருந்தார். கண்ணில் சதை வளர்ந்து, முன்னால் இருக்கிற மரமே மங்கலாகத் தெரிகிறது என்று. சீக்கிரம் போனால்தான் அங்கே நம்பர் கிடைக்கும். அவர் அதே முன்பலகையில் உட்கார்ந்திருந்தார். கிராணியின் மகள் மூச்சு இரைக்க ஓடிவந்தாள். தொழிற்சாலையில் சேர்ந்து நாலு மாதம்.

"பன்னெண்டு ஆயிடுச்சு. அடுத்த ட்ரிப்," என்றேன்.

"அக்கா, பஸ் போயிரும்க்கா."

"பன்னெண்டு ஆயிடுச்சு."

"எனக்கு ரெண்டு லேட் ஆயிடுச்சுக்கா," என்றாள்.

எதிர்க்கரையில் பஸ் வெளிச்சம் வந்து நின்றது. அவள் அப்பா பயந்து பயந்து கொடுத்த கடிதம் ஞாபகத்துக்கு வந்தது. ஏறு என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஒரு தலைதானே. ஆனால் என்னால் சொல்ல முடியவில்லை. படகில் இருந்த யாரும் அசையவில்லை. இரண்டு பேர் வேறு பக்கம் பார்த்தார்கள்.

அப்பா எழுந்தார். மிதவைச் சட்டையைக் கழற்றி அந்தப் பெண்ணிடம் நீட்டினார். பலகையைத் தடவித் தடவி, சிமெண்டுச் சரிவில் கால் வைத்து இறங்கினார். அந்தப் பெண் ஒரே தாவில் ஏறிவிட்டாள். நான் எண்ணினேன். பன்னிரண்டு. தவுக்கே மோட்டாரைக் கிளப்பினார்.

படகு பாதி ஆற்றைத் தாண்டியது. அப்பாவுக்கு அது தெரிந்ததோ என்னவோ, சத்தம் வந்த பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அன்னிக்கே நான் எறங்கியிருக்கணும்," என்றார். "பிள்ள கையில வந்தப்பவே எறங்கியிருந்தா பன்னெண்டுதான் இருந்திருக்கும்."

ஆறு மாதமாக, அதற்கு மேலேயே, அவர் இதை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். மேட்டில் பக்கத்து நிரையில் நின்று, ஒரு வார்த்தை பேசாமல். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர்மேலா, என்மேலா, அந்தப் பாழாய்ப்போன ஆற்றின்மேலா, தெரியவில்லை. அழுகை வந்துவிடும் என்று பயமாக இருந்தது.

"இப்ப அதையெல்லாம் யார் கேட்டா? பனியில நிக்காதீங்க, காது அடைச்சிக்கும்," என்று கத்தினேன். என் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அவர் காதை மூடிக் கட்டிவிட்டேன். எதிர்க்கரையில் அந்தப் பெண் பஸ்ஸில் ஏறிவிட்டாளா என்று அப்பா கேட்டார். ஏறிவிட்டாள் என்றேன்.